வெயிலில் மயங்கி விழுந்தார், இப்போது கிரியாட்டினின் 1.6: இது வெறும் சூடுதானா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரருக்கு வயது 46. இருபது வருசத்துக்கு மேலாகக் கட்டட வேலை, அதிலும் காங்கிரீட் போடுகிற செட்டோடுதான் போவார். நானும் சித்தாளாகப் போகிறேன். போன வருசம் கத்திரியில் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டபோது, பகல் ஒரு மணிவாக்கில் அவர் ஏதேதோ உளறினார், கால் பின்னியது, அப்படியே விழுந்துவிட்டார். உடம்பு அனலாகக் கொதித்தது. தலையில் தண்ணீர் ஊற்றப் போனேன். வேர்த்த உடம்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று கூட இருந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். சோடா வாங்கி வாயில் விட்டார்கள். அப்புறம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போனோம். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். அப்போது கிரியாட்டினின் 1.9 என்று எழுதியிருந்தது. போன மாதம் ஊரில் நடந்த முகாமில் பார்த்ததில் 1.6. சர்க்கரை இல்லை. பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறார். உடம்பு வலிக்கு வாரத்தில் நாலைந்து நாள் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுவார். இது வெறும் சூடுதானா, கிட்னியில் கோளாறா? வேலையை விடச் சொல்லிவிடாதீர்கள், எங்களுக்கு வேறு வழி கிடையாது. எனக்கும் வெயில் காலத்தில் ஒன்றுக்குப் போனால் எரிகிறது, அது இருக்கட்டும், அவருக்கு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் போன கோடை மாதிரி இன்னொரு கோடை அவருக்கு வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன். பங்குனி பிறந்துவிட்டது, கத்திரிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இப்போதே ஆரம்பித்தால் நேரம் போதும்.

அவர் மயங்கி விழுந்தது உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்த 1.6. கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகிற ஒரு கழிவு. அதைச் சிறுநீரகம்தான் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஆண்களுக்கு ஏறத்தாழ 1.3 வரை சரி என்று லேப் தாளில் போட்டிருப்பார்கள். உழைத்து உழைத்துச் சதை இறுகியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் 46 வயது ஆணுக்கு 1.6 என்றால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 50க்குச் சற்று மேலே நிற்கிறது என்று கணக்கு வருகிறது. அது 90க்கு மேல் இருக்க வேண்டும். 60க்குக் கீழே இறங்கி 3 மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்வோம். மே மாதத்திலிருந்து பார்த்தால் 10 மாதம் ஆகிறது. ஆகவே இதை வெறும் சூடு என்று விட முடியாது.

உடனே டயாலிசிஸ் வரை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும் காரணங்களை விலக்கினால், பலருக்கும் பல வருடங்கள் இதே இடத்தில் நிறுத்தி வைக்க முடியும். சிலருக்குக் கிரியாட்டினின் எண் கொஞ்சம் இறங்கவும் செய்யும். உங்கள் வீட்டுக்காரருக்குக் காரணம் ஒன்றுதான் என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. பிரஷர் இருக்கிறது. வலி மாத்திரை இருக்கிறது. இருபது வருட வெயில் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான் என் கவலை.

வெயில் எப்படிச் சிறுநீரகத்தைத் தொடுகிறது என்று கேட்பீர்கள். பேப்பரில் 'மதுரையில் 104 டிகிரி' என்று போடுகிறார்களே, அது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளந்த காற்றின் சூடு. அவர் நிற்பது மொட்டைமாடியில், தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே காய்ந்த சென்ட்ரிங் தகடு. இதோடு உடம்புக்குள்ளிருந்தும் சூடு வருகிறது. கலவை நிரம்பிய பாண்டு தூக்கும்போது தசைகள் செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதி முழுவதும் உடம்புக்குள் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலை நோக்கி ஓடுகிறது, வேர்வை கொட்டுகிறது. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேர்ப்பவர்கள் உண்டு. தோலுக்கும் தசைக்கும் ரத்தம் போகப் போக, சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. ஒரு நாள் நடந்தால் ராத்திரித் தூக்கத்தில் தேறிவிடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் நடந்தால் தேறுவதற்குள் அடுத்த நாள் வந்துவிடுகிறது. உடம்பு மிகவும் சூடேறிய நாளில் தசைநார்களே சிதைந்து, அந்தக் கழிவும் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். அன்றைக்குச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அந்த நிறத்தைப் பார்த்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளம் ஆண்கள், சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர்கள், சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோவது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் விவசாயிகளிடம் இதே போன்ற நோய் பரவலாக இருக்கிறது. அங்கெல்லாம் காரணம் ஒன்றே ஒன்று என்று இன்னும் முடிவாகவில்லை. தண்ணீர், மருந்து, மண் எல்லாவற்றின் மீதும் சந்தேகம் உண்டு. ஆனால் வெயிலில் கடும் உழைப்பும் நீர் வற்றிப்போவதும் அந்தப் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்விலும் சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் இருந்தார்கள். கட்டட வேலைக்கும் இது பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி செட் மாத்திரை. இந்தக் கடிதத்தில் நீங்கள் உடனே மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், அது இதுதான். கடையில் 'உடம்பு வலி' என்று கேட்டால் காகிதத்தில் மூன்று நாலு மாத்திரை மடித்துக் கொடுப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர்கூட இருக்காது. பெரும்பாலும் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்ற வலி மருந்து ஒன்று இருக்கும், சில கடைகளில் ஸ்டீராய்டும் சேரும். நீர் வற்றிய நேரத்தில், சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தக்குழாயை விரித்து வைத்துத்தான் சமாளிக்கிறது. வலி மருந்து அந்த விரிவைத் தடுத்துவிடும். அதாவது பகல் முழுக்க வேர்த்து வந்த உடம்பில், ராத்திரி அந்த மாத்திரையைப் போடுவது, ஏற்கெனவே ரத்தம் குறைந்த சிறுநீரகத்தை இன்னும் நெரிப்பது.

பிரஷர் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருந்தால், அதில் நீர் பிரியச் செய்யும் மருந்து சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் வகையாக இருந்தால் சாதாரண நாளில் அவை சிறுநீரகத்தைப் பாதுகாக்கும் நல்ல மருந்துகள். ஆனால் நீர் பிரிக்கும் மருந்து, இந்த வகை மருந்து, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில், அதுவும் நீர் வற்றிய உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென நின்றுபோகும் அளவுக்குக்கூடப் போகலாம். இதைப் படித்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் அட்டையைக் காட்டி, 'இவர் வெயிலில் காங்கிரீட் வேலை செய்கிறவர், கிரியாட்டினின் 1.6, கோடைக்கு இதே மாத்திரை போதுமா?' என்று கேளுங்கள். தொழிலைச் சொல்லாமல் மாத்திரை வாங்கி வருவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. வாந்தி, பேதி வந்து எதுவுமே உள்ளே தங்காத நாளில் எந்த மாத்திரையைத் தள்ளிவைக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வலிக்கு என்ன செய்வது? பாராசிட்டமால் மட்டும், அளவாக, தேவைப்படும் நாளில் போடலாம். அதற்கு மேல் வலித்தால் எந்த இடம், எதனால் என்று டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். செட்டில் ஸ்டீராய்டு இருந்து, மாதக்கணக்கில் போட்டு வந்திருந்தால், ஒரேயடியாக நிறுத்தும்போது அசதியும் தலைச்சுற்றலும் வரலாம். அதனால் கடைக்காரரிடம் உள்ளே என்ன மாத்திரை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் ஒரு செட்டை அப்படியே கையில் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்றைக்கு ஒத்தக்கடையில் நடந்ததற்கு வருகிறேன். உளறல், கால் பின்னல், உடம்பு கொதித்தது, விழுந்தது: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது வெப்பத் தாக்கு. உடம்பின் உள்சூடு 104 டிகிரிக்கு மேல் ஏறி, மூளை தடுமாறும் நிலை. வேர்வை நின்று தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போதே வருகிற வெப்பத் தாக்கில் உடம்பு நனைந்துதான் இருக்கும். அடையாளம் வேர்வையில் இல்லை, புத்தியில் இருக்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் எரிந்து விழுவது, சொன்னதையே சொல்வது, பெயர் கேட்டால் திகைப்பது, தள்ளாடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலே வேலையை நிறுத்த வேண்டும். வெறும் தலைச்சுற்றல், வாந்தி வருகிற மாதிரி இருப்பது, கெண்டைக்கால் பிடிப்பது என்றால் நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் அதையும் அவசரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் தண்ணீர் ஊற்றப் போனீர்களே, அதுதான் சரியான வைத்தியம். வேர்த்த உடம்பில் தண்ணீர் பட்டால் ஜன்னி வரும் என்பது நம் பக்கத்தில் ஆழமாக ஊறிப்போன பயம். சூடு ஏறிய மூளைதான் உளறலையும் வலிப்பையும் கொண்டுவருகிறது, அதைத்தான் முன்னோர்கள் பார்த்திருப்பார்கள். தண்ணீர் அதை இறக்குகிற மருந்து. அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்வித்தவர்கள் பிழைக்கிறார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் கேடு. காங்கிரீட் போடும் இடத்தில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. கலவைக்கு டிரம்மில் வைத்திருப்பார்கள், ஓஸ் பைப் கிடக்கும். நிழலுக்கு இழுத்துப் போய், சட்டையைக் கழற்றி, தலை முதல் கால்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு பேர் அட்டையாலோ சாக்காலோ விடாமல் விசிறுங்கள். பக்கத்துக் கடையில் ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி அக்குள், கழுத்து, தொடையிடுக்கில் வையுங்கள். ஒருவர் 108க்குப் போன் போடட்டும். வண்டி வரும்வரை ஊற்றுவதை நிறுத்த வேண்டாம், வண்டியிலும் ஈரத்துணியும் விசிறியும் தொடர வேண்டும். முதலில் குளிர்வித்துவிட்டு அப்புறம் பயணம் என்பதுதான் முறை.

நினைவு தெளியாதவர் வாயில் சோடா, தண்ணீர் எதுவும் விடக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே உயிரை எடுக்கும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது. இதை உங்கள் செட்டில் இருக்கும் எல்லோரிடமும் ஒருநாள் டீ குடிக்கும்போது உட்கார வைத்துச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்களைத் தடுத்தவர்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் தடுத்தார்கள், இனித் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, வேலையை எப்படி மாற்றுவது? தளம் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். நிறுத்தினால் முன்னே போட்டதும் பின்னே போட்டதும் ஒட்டாமல் அந்த இடத்தில் கசியும். அதனால்தான் சொல்கிறேன், நிறுத்துவதைப் பற்றி யோசிக்காமல் ஆரம்பிக்கும் நேரத்தைப் பற்றி யோசியுங்கள். சித்திரை, வைகாசியில் விடியற்காலை 4 மணிக்கே விளக்குப் போட்டு மிக்ஸர் மெஷினை ஓட்டிவிட்டால், 11 மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். பெரிய தளமாக இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் தொடங்கி ராத்திரியில் முடிக்கலாம். மேஸ்திரியோ என்ஜினியரோ தயங்கினால் ஒன்றைச் சொல்லுங்கள்: உச்சி வெயில் காங்கிரீட்டுக்கும் ஆகாது. போடும்போது கலவையின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரநிலையே சொல்கிறது. வெயிலில் போட்ட தளம் சீக்கிரம் நீர் இழுத்து மேலே கீறல் விடும் என்பது அவர்களுக்கே தெரியும். வீடு கட்டுகிறவருக்குத் தளமும் நன்றாக வரும், வேலை செய்பவர்களுக்கு உடம்பும் மிஞ்சும்.

இதைப் படிக்கிறவர்களில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் யாராவது இருந்தால், இந்த ஒரு பத்தி உங்களுக்கு. நல்ல நேரம் பார்த்துத் தளம் போடும்போது, அந்த நேரம் பகல் 12க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் மிக்ஸர் சத்தத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு தார்ப்பாய் கட்டி நிழலும், பானையில் தண்ணீரும், வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு மறைப்பும் கொடுங்கள். காங்கிரீட் செட் குத்தகை பேசித்தான் வருகிறது, சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போகலாம் என்று ஓய்வே இல்லாமல் ஓடுவார்கள். மணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள் என்று நீங்கள் சொன்னால்தான் உட்காருவார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியது, பழக்கம் பற்றி. உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்கும், வேர்வையில் உப்பைக் குறைவாக விடும். வேலையிடத்தில் வெப்பத்தால் சாகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில நாட்களில்தான் விழுகிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வேலைக்குப் போகாவிட்டால் பழக்கம் குறைய ஆரம்பிக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அவர் மதுரைக்கு வந்து, திருவிழா முடிந்து பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்புகிறார் என்றால், முதல் நாள் பாதி வேலை, மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூட, நாலாம் நாள்தான் முழு வேலை. காய்ச்சலில் கிடந்து எழுந்தாலும் இப்படித்தான். ஒருமுறை வெப்பத் தாக்கு வந்தவர் என்பதால் அவருக்கு இதில் விட்டுக்கொடுக்க முடியாது. கோடை மழை பெய்த மறுநாள் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் ஏமாற வேண்டாம். காற்றில் ஈரம் கூடிவிட்டால் வேர்வை காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. புழுக்கமான அந்த நாள், வறண்ட வெயில் நாளைவிட மோசமாக முடியலாம்.

தண்ணீர் கணக்கு: தாகம் எடுக்கட்டும் என்று இருக்காமல், கால் லிட்டர் டம்ளரில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை. கடும் வெயிலில் மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் ஆகும், ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். கிட்னி கோளாறு என்றதும் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்களே என்று நினைப்பீர்கள். அது காலில் நீர் கோத்தவர்களுக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கும், சிறுநீர் குறைந்துபோனவர்களுக்கும். அவருக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லிட்டர் லிட்டராகப் பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்து, ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி அதுவும் தலைசுற்றலில், குழப்பத்தில் முடியும். காலையில் உப்புப் போட்ட நீராகாரம் அல்லது கம்பங்கூழ், பத்து மணிக்கு மோர், மதியம் சோறு. இதற்கு மேல் எந்த விலை உயர்ந்த பானமும் தேவையில்லை. பிரஷர்காரர் என்பதால் ஊறுகாய், கருவாடு என்று உப்பை அள்ளிச் சேர்க்கவும் வேண்டாம். இளநீரும் ஓஆர்எஸ் பொடியும் நல்லவைதான், ஆனால் இரண்டிலும் பொட்டாசியம் உண்டு, இளநீரில் நிறைய. சிறுநீரகத் திறன் குறைந்து, சார்டன் வகை மாத்திரையும் போடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் தடுமாறும். ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்த பிறகு தினமும் குடிக்கலாமா என்று முடிவு செய்யுங்கள். உங்களுக்கோ மற்றவர்களுக்கோ ஓஆர்எஸ் கலக்குவதென்றால், பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும், டம்ளரில் கொட்டிக் கெட்டியாகக் குடிக்கக் கூடாது. கலர், சோடா தாகத்துக்கு ஆகாது. ஜிகர்தண்டாவும் அப்படித்தான், ஆசைக்கு எப்போதாவது சரி. ராத்திரி குடிக்கிற பழக்கம் இருந்தால், காலையில் வேலைக்கு ஏறும்போதே உடம்பு வற்றியிருக்கும். காங்கிரீட் நாளுக்கு முந்தின ராத்திரியாவது கண்டிப்பாக வேண்டாம்.

நீங்கள் இருப்பது தகரம், ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி சீட்டுக் கூரை போட்ட வீடா என்று தெரியவில்லை. சீட்டு வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் மேலிருந்து அனல் இறங்கும். பகலில் ஏறிய சூடு ராத்திரியில் இறங்கினால்தான் சிறுநீரகம் தேறும். வெளியே திண்ணையிலோ வாசலிலோ படுங்கள். உள்ளேதான் படுக்க வேண்டும் என்றால் உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேன் காற்றில் படுங்கள்.

இனி உங்களைப் பற்றி. 'அது இருக்கட்டும்' என்று எழுதிவிட்டீர்கள். இருக்க விட முடியாது. வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க இடமில்லாமல், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்துதான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களில் பலர் என்னிடம் இதைத்தான் சொல்கிறார்கள், அதுவும் மூன்று முறை கேட்ட பிறகு. உங்கள் வீட்டுக்காரருக்கு எந்த நீர்வற்றல் கெடுதல் செய்ததோ அதே கெடுதல் உங்களுக்கும் நடக்கிறது. மேலதிகமாகக் கிருமித்தொற்றும் கல்லும் வரும். எரிச்சல் தண்ணீர் குடித்த மறுநாளே போய்விட்டால் சிறுநீர் கெட்டியானதால் வந்தது. போகவில்லை என்றாலோ, காய்ச்சல், குளிர், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் என்று எதுவும் சேர்ந்தாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்து மருந்து எடுக்க வேண்டும். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதை வைத்துவிட்டுக் காய்ச்சலோடு நாலு நாள் காத்திருப்பதில் கெடுதல் இருக்கிறது.

கட்டுமான இடத்தில் குடிநீரும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 1996லேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அஸ்திவாரம் தோண்டும் நாளிலேயே நாலு தகரம் வைத்து ஒரு மறைப்பு கட்டிக்கொடுங்கள் என்று மேஸ்திரி மூலமாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் எல்லாச் சித்தாள்களும் சேர்ந்து கேளுங்கள். உங்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், வெயில் சூட்டில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. அப்புறம், சேலைக்கு மேலே நீங்கள் போட்டுக்கொள்ளும் ஆண்கள் சட்டை வெயிலுக்கு நல்லதுதான். அது பருத்தியாக, தொளதொள என்று இருக்கட்டும். கீழே நைலான் சேலை வேண்டாம், நூல் சேலை கட்டுங்கள்.

இருவரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், புதுப்பித்து வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. வெயிலில் ஒருவர் விழுந்தால், வெயிலில் வேலை செய்தபோது விழுந்தார் என்பதை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பலருக்கு வெறும் 'மயக்கம்' என்று பதிவாகி, வெயில் கணக்கிலேயே வராமல் போகிறது.

பரிசோதனையை இந்த வாரமோ அடுத்த வாரமோ முடித்துவிடுங்கள். வேலை முடிந்த சாயங்காலம் போக வேண்டாம். ஒரு நாள் ஓய்வெடுத்து, நன்றாகத் தண்ணீர் குடித்து, மறுநாள் காலையில் ரத்தம் கொடுக்கட்டும். செட்டில் ஸ்டீராய்டு இல்லை என்று தெரிந்து, அதற்கு முன் ஒரு வாரமாவது அதைப் போடாமல் இருந்தால் எண் நம்பகமாக இருக்கும், அப்படியானால் அடுத்த வாரம் போங்கள், அதற்கு மேல் தள்ள வேண்டாம். கிரியாட்டினின், யூரியா, சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும், எதிர்காலத்தை அதிகம் சொல்லுவது அதுதான். வயிற்று ஸ்கேன் ஒன்று எடுத்தால் சிறுநீரகத்தின் அளவும், கல், அடைப்பு ஏதும் உண்டா என்பதும் தெரியும். முதலில் மேலூர் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். புரதம் அதிகமாகப் போனாலோ, கிரியாட்டினின் ஏறியிருந்தாலோ மதுரை பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவுக்கு எழுதி அனுப்புவார்கள். போன வருட ஆஸ்பத்திரிச் சீட்டு, முகாமில் கொடுத்த தாள், பிரஷர் மாத்திரை அட்டை, ஒரு செட் மாத்திரை, நான்கையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். உங்கள் சிறுநீரையும் அதே நாளில் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.